ரசித்ததை எங்கே போடுவது: ஸ்டேட்டஸா, குரூப்பா, இன்ஸ்டாவா, சொந்தப் பக்கமா?

என் அக்கா மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமையானால் ரயில் பிடித்துப் பாலக்கோட்டுக்கு வந்துவிடுவாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பிப்பாள். போன மாதம் அந்த நோட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். "ராயக்கோட்டை தாண்டும்போது தக்காளிப் பெட்டி அடுக்கின வண்டி மேல ஒரு பையன் படுத்துத் தூங்கறான்." "ஹாஸ்டல் அக்கா ரசத்துக்குக் கடைசியில ஒரு துளி வெல்லம் போடறாங்க, அதான் அந்த ருசி." "புதுப் பேனா மூடியத் திறக்கற சத்தம்." பக்கத்துக்கு ஐந்தாறு வரி. எல்லாம் அவளுக்குப் பிடித்தவை.

"சித்தி, இதையெல்லாம் ஆன்லைன்ல போடணும்னு ஆசையா இருக்கு. எங்க போடலாம்?" என்று கேட்டாள். இன்ஸ்டாவில் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த எட்டு வருடத்தில் நான் போடாத இடம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எனக்கு நடந்தது வேறு வேறு. யோசித்துச் சொல்கிறேன் பாப்பா என்றேன். யோசித்தது இதுதான்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்தவை இரண்டு மூன்று உண்டு. ஒன்று மாம்பழம். சாப்பிடுவது மட்டுமில்லை, எந்த ரகம் எந்த வாரத்தில் வருகிறது என்று பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை. தோள்பட்டையில் சிவப்பு ஏறிய செந்தூரா முதலில் வரும். பிறகு பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா. இந்த மாவட்டத்தில் தோட்டம் தோட்டமாக இருப்பது பெங்களூரா. கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்வார்களே, அதுதான். அதில் பெரும்பங்கு மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்குப் போய்விடும். எல்லாம் முடிந்து கடை காலியாகும் நேரத்தில் நீலம் வந்து நிற்கும். ஒரு வருடம் ஆறு ரகத்தையும் ஒரு முறத்தில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, எது எப்போது வந்தது என்று கீழே எழுதி, அதே படத்தை அதே வாரத்தில் ஐந்து இடத்தில் போட்டேன். சோதனை செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. எல்லோருக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் இன்று ஒப்பிட்டுச் சொல்ல அந்த ஒரு முறம்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். யார் பதில் சொல்ல வேண்டும் என்று மனசு எதிர்பார்க்கிறது? அடுத்த வருடம் இதே நாளில் இதைத் தேடினால் கிடைக்குமா? எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது என் கணக்கில் வரவில்லை. சின்னச் சின்ன ஆசைகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை திரும்பத் திரும்ப வரும். செந்தூரா வருடா வருடம் வருகிறது, மார்கழிக் கோலம் வருகிறது, மாசியில் புளி தட்டும் சத்தம் வருகிறது. போன வருடத்தையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் அந்த ஆசை வளர்கிறது. முடியாவிட்டால் ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

இதைவிட எளிது எதுவும் இல்லை. எடுத்தோமா, போட்டோமா, ஊசியில் நூல் கோத்தோமா என்று வேலையைப் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். நம் எண்ணை அவர்களும் அவர்கள் எண்ணை நாமும் சேமித்திருந்தால்தான் தெரியும். அதனால் பார்ப்பவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள்தான். எனக்கு அது ரவிக்கை தைக்க வந்தவர்கள், சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள்.

ஸ்டேட்டஸின் பெரிய பலத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதற்கு வரும் பதில் நமக்கு மட்டும்தான் வருகிறது. நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிறவர்கள் அங்கே மனம் திறந்து பேசுவார்கள். மாம்பழ முறத்தைப் போட்ட அன்று பாரூர்ப் பக்கத்திலிருந்து என் கடைக்கு வரும் ஓர் அம்மா குரல் பதிவு அனுப்பினார். அதுவரை "எப்ப ரெடியாகும்?" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாதவர். "நீங்க அல்போன்சான்னு எழுதியிருக்கீங்களே, அத எங்க மாமனார் காதர்னுதான் சொல்வாரு. குண்டுன்னும் சொல்லுவாங்க. அவரு நட்ட மரம் இன்னும் காய்க்குது" என்று ஆரம்பித்து, அந்த மரம் எந்த வரப்பில் நிற்கிறது, எந்தக் கிளை முதலில் பூக்கும் என்பது வரை மூன்று நிமிடம் பேசியிருந்தார். பின்னால் கறவை மாடு கத்துகிறது. நடுவில் பேரனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு மறுபடி மரத்துக்கு வருகிறார். ஐந்து இடத்தில் போட்டதில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில் அதுதான்.

அது இப்போது என்னிடம் இல்லை. அடுத்த ஐப்பசி மழையில் போன் நனைந்து போனது. காப்பு (பேக்கப்) எடுத்து வைக்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. ஸ்டேட்டஸும் போய், பதிலும் போய், வரப்பு எந்தப் பக்கம் என்பதும் மறந்துபோனது. அந்த அம்மாவிடம் மறுபடி கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அந்த மூன்று நிமிடம் திரும்ப வரவில்லை.

ஆக, முதல் கேள்விக்கு ஸ்டேட்டஸ் முழு மதிப்பெண் வாங்குகிறது. இரண்டாவதில் ஒன்றுமே வாங்கவில்லை.

குரூப்

குடும்பக் குரூப்பில் போடலாமே என்று பலர் சொல்வார்கள். போட்டேன். காலை வணக்கப் படங்கள் பதினைந்து, ஒரு கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியப்பாவைப் பற்றிய ஒரு செய்தி, அதற்குக் கீழே என் மாம்பழம். போட்ட கையோடு உறுத்தியது. உடம்பு சரியில்லாதவரைப் பற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் முறத்தை நீட்டியதுபோல் ஆகிவிட்டது. குடும்பக் குரூப் என்பது வீட்டுத் திண்ணை மாதிரி. அங்கே நல்லது கெட்டது எல்லாம் வரும். நமக்குப் பிடித்ததை நமக்குப் பிடித்த நேரத்தில் பேசும் இடம் இல்லை அது.

ஆனால் பெரியவர்கள் திருத்துவது அங்கேதான் நடக்கும். மறுநாள் என் அண்ணன், "மழை விழுந்த பிறகு நீலம் வாங்காதே, உள்ள புழு இருக்கும்" என்று ஒரு வரி போட்டார். அதற்கு மாமா ஒருவர் மறுப்பு, அதற்கு அத்தை ஒரு வைத்தியம் என்று மத்தியானம் வரை ஓடியது. படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது.

குடும்பக் குரூப்பைவிட நான் உயர்வாகச் சொல்வது, இதற்கென்றே ஏழெட்டுப் பேரை மட்டும் வைத்து ஆரம்பிக்கும் சின்னக் குரூப். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம் என்கிறது வாட்ஸ்அப். எட்டுப் பேருக்கு மேல் போனால் என் அனுபவத்தில் பாதிப் பேர் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள். என் தோழிகள் ஐந்து பேரோடு ஒன்று வைத்திருக்கிறேன். விதி ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு ஒருவர் ஒன்றுதான் போட வேண்டும், அதுவும் தானே பார்த்ததாக இருக்க வேண்டும், வந்ததை அனுப்பக் கூடாது. அதில் ஒருத்தி தெலுங்கு பேசும் வீடு, ஒருத்தி கன்னடம். இருவரும் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கச் சிரமப்படுவார்கள். நம் பக்கத்தில் இது எல்லாத் தெருவிலும் உள்ள விஷயம்தானே. அதனால் எழுதுவதைவிடக் குரலில் பேசிப் போடுகிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் கஷ்டம் யாருக்கும் இல்லை. மூன்று வருடமாக ஓடுகிறது.

டெலிகிராம் சேனலும் உண்டு. எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், பழையதைத் தேடி எடுப்பதும் சுலபம். ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அதனால் எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

இன்ஸ்டாவும் குட்டி வீடியோக்களும்

அக்கா மகள் மனசில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தெரியும். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். படம் அழகாகத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று வந்து "எனக்கும் இது பிடிக்கும்" என்று சொல்லும்போது வரும் மகிழ்ச்சி நிஜமான மகிழ்ச்சி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

என் முறத்துக்கு அங்கே இதயங்கள் நிறைய விழுந்தன. கீழே வந்த கேள்விகளில் பாதி, "கிலோ என்ன விலை?" பழம் விற்கிற கடை என்று நினைத்துவிட்டார்கள். தவறு அவர்கள் மேல் இல்லை. அங்கே ஒரு முறத்தில் பழத்தை அழகாக அடுக்கிப் படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் விற்கிறவர்கள்தான். நான் கீழே எழுதியிருந்த வரிசையை ஒருவரும் படித்த மாதிரி தெரியவில்லை. 2200 எழுத்து வரை எழுதலாம், ஆனால் முதல் இரண்டு வரிக்குப் பிறகு மடித்து வைத்துவிடும். விரலால் தொட்டால்தான் விரியும். நான் மூன்றாவது வரியில்தான் செந்தூராவையே ஆரம்பித்திருந்தேன்.

இன்னொன்று மெதுவாக நடந்தது. அடுத்த வருடம் நான் ஒரு பித்தளைத் தட்டு வாங்கினேன். பழத்தில் தண்ணீர் தெளித்தேன். மல்கோவாவின் பச்சைத் தோல் படத்தில் எடுபடவில்லை என்று அதை எடுத்து வெளியே வைத்தேன். வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன்: எனக்கு மிகவும் பிடித்ததே மல்கோவாதானே? பிடித்ததைக் காட்ட ஆரம்பித்து, எடுபடுவதைக் காட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அங்கேயே தனக்குப் பிடித்தபடி எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். அவர்கள் பெரும்பாலும் கணக்கைத் தனிப்பட்டதாக வைத்து, தெரிந்த நாற்பது ஐம்பது பேரை மட்டும் சேர்த்துக்கொண்டவர்கள். அது நல்ல வழி.

வீடியோவுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் தெருப் பையன் ஒருவன் தெருக்கூத்துப் பைத்தியம். விடிய விடிய விழித்திருந்து, அரிதாரம் பூசுவது முதல் கிரீடம் கட்டுவது வரை துண்டு துண்டாக டிக்டாக்கில் போட்டு வந்தான். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கோடு சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்தது. அவன் போனில் இடம் போதாது என்று மூலப் படங்களை அவ்வப்போது அழித்துவந்தவன். ஒன்று மிஞ்சவில்லை. அதற்கு முன்பே ஆர்குட் 2014 செப்டம்பரிலும் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. எந்த இடமும் நிரந்தரம் இல்லை என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எங்கே போட்டாலும் ஒரு பிரதி நம்மிடம் இருக்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் கூடும் இடம்

ஃபேஸ்புக்கை வயதானவர்களின் இடம் என்று அக்கா மகள் சொல்வாள். இருக்கட்டும். வயதானவர்களுக்குத்தான் சில விஷயங்கள் தெரியும்.

மாம்பழத்தை அடுத்து என் ஆசை, வேடியப்பன் கல். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பொங்கல் வைக்கிற கல். அவற்றில் பல பழைய நடுகற்கள். ஊர் மாட்டுக்கூட்டத்தை எதிரி ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்டவை. மாட்டுக்கூட்டத்தைத் தொறு என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்லும். தருமபுரி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள்.

ஒரு கல்லை நான் நான்கு முறை படம் எடுத்தேன். உச்சிவெயிலில் எடுத்தால் ஒரு பலகை மாதிரி தெரிகிறது. மாலை ஐந்து மணிக்குப் பக்கவாட்டில் வெயில் விழும்போது எடுத்தால் ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கிறது: வலது கையில் வாள், இடது கையில் வில், ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை, முன்னால் வைத்த கால். அந்தக் காலுக்குப் பக்கத்தில் ஏதோ இரண்டு சின்ன உருவம். பறவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுகல், கல்வெட்டு பேசும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ஒன்று கெண்டி (மூக்கு வைத்த பாத்திரம்), ஒன்று சிமிழ், இந்தப் பகுதி நடுகற்களில் வருவதுதான். கூடவே, "மஞ்சளைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், அது அவர்கள் சாமி" என்று ஒருவர் எழுதினார். கல்லையும் மதித்து, கும்பிடுகிறவர்களையும் மதித்து வந்த அந்தப் பதிலுக்காகவே அந்தக் குழுவில் இன்றும் இருக்கிறேன்.

கேள்வி இருந்தால் இதுதான் இடம். கேள்வி இல்லாமல் வெறுமனே "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று சொன்னால் அங்கே மதிப்பு குறைவு. மாம்பழ முறத்துக்கு அங்கே மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அவ்வளவுதான்.

சொந்தப் பக்கம்

ஐந்து இடத்தில் போட்டேன் என்றேன். ஐந்தாவது என் வலைப்பூ. கூகுளின் பிளாகரில் இலவசமாகத் தொடங்கியது. அன்று அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? அக்காவும் அக்கா மகளும்.

இது போன தலைமுறை விஷயம் என்று தோன்றலாம். 2003, 2004 வாக்கில் எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வழிசெய்த யுனிகோடு எழுத்துமுறை பரவிய பிறகு தமிழில் வலைப்பூக்கள் பெருகின, பிறகு எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஆள் இல்லாத அந்த அமைதி சின்ன ஆசைகளுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. விருப்பக்குறி எண்ணிக்கை கண்முன்னால் நிற்பதில்லை. எழுத்து மடிந்து ஒளிவதில்லை. மூன்று வரி எழுதினாலும் சரி, முப்பது வரி எழுதினாலும் சரி. தேதியோடு வரிசையாக நிற்கும். பதிவுக்கு ஒரு குறிச்சொல் போட்டுவிட்டால் அதே குறிச்சொல் உள்ளவை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். "மாம்பழ வரிசை" என்று நான் போட்ட குறிச்சொல்லை இன்று தொட்டால் ஆறு வருடத்துச் செந்தூரா ஒன்றன் கீழ் ஒன்றாக வருகிறது. எந்த வருடம் முந்தி வந்தது, எந்த வருடம் பூ உதிர்ந்து தாமதமானது என்று பார்த்துவிடலாம். ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாவிலும் ஆறு வருடம் போட்டும் எனக்கு இது கிடைக்கவில்லை.

தேடினால் கிடைப்பது இன்னொரு லாபம். தமிழ் எழுத்தாக எழுதியிருந்தால் கூகுள் தேடலில் வரும். படத்துக்கு மேல் எழுத்தை ஒட்டி அனுப்பும் பழக்கம் நம்மிடம் அதிகம், அதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் காதர் மாம்பழம் என்று தேடி என் பக்கத்துக்கு வந்து, தன் தாத்தா தோட்டத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போனார். பாரூர் அம்மா சொன்னதில் நினைவில் இருந்ததை மட்டும் நான் அங்கே எழுதிவைத்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

குறைகளும் சொல்ல வேண்டும். பதில் உடனே வராது, சில சமயம் வரவே வராது. முதல் ஆறு மாதம் சுவரோடு பேசுவதுபோல் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் அங்கேயே விட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. அதனால் அப்படியே மறந்துவிடவும் முடியாது. பிளாகர் அமைப்பில் காப்பு எடுக்கும் வசதி இருக்கிறது. எழுதியது முழுவதும் ஒரே கோப்பாக இறங்கும். நான் வருடத்துக்கு இரண்டு தரம், தைப்பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும், எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு மிஷின் டிராயரில் வைக்கிறேன். படங்களைத் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

தட்டச்சு வராதே என்று பயப்பட வேண்டாம். போன் விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிறது. ஒற்று மட்டும் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஊருக்குக் கொடுப்பது

இவை தவிர இன்னொரு வகை உண்டு. நம் ஆசையை எல்லோருக்கும் பயன்படும்படி கொடுத்துவிடுவது. பறவை பார்ப்பவர்களுக்கு இபேர்ட் இருக்கிறது. எந்த இடத்தில், எத்தனை நிமிடத்தில், என்னென்ன பறவை, எத்தனை என்று பட்டியல் போட்டால் அது ஆராய்ச்சிக்குப் போகிறது. நம் பழைய பட்டியலும் நம் கணக்கில் அப்படியே நிற்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ பாரூர் ஏரிக்கரையிலோ, ஏன் வீட்டு மாடியிலோகூட, பதினைந்து நிமிடம் நின்றால் போதும். காக்கையையும் மைனாவையும் எண்ணினாலும் கணக்குத்தான். செடி, பூச்சி பிடித்தவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட். பெயர் தெரியாத பூவைப் போட்டால் தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியம். நாமே எடுத்த படமாக இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுக்க வேண்டும், நம் பெயர் கூடவே இருக்கும். என் நடுகல் படம் ஒன்றை அங்கே ஏற்றியிருக்கிறேன். பெயிண்டில் வரைந்த கடைப் பலகைகள், சுவர் ஓவியங்களை அங்கே ஏற்ற முடியாது, வரைந்தவருக்கு உரிமை உண்டு என்பார்கள். அது நியாயம்தான்.

ஆனால் இந்த இடங்களில் "எனக்குப் பிடித்தது" என்ற பேச்சுக்கு இடமில்லை. அக்கா மகளின் ரசமும் பேனா மூடியும் அங்கே போகாது. அவளுக்கு இது பொருந்தாது. பறவைப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

எங்கே போட்டாலும்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தினமும் ஒரே பேருந்து நிறுத்தத்தை ஒரே நேரத்தில் படம் எடுத்துப் பொதுவில் போட்டால், ஒரு பெண் எப்போது எங்கே தனியாக நிற்கிறாள் என்பதை ஊருக்கே சொல்கிறோம். அந்த இடத்தைவிட்டு வந்த பிறகு, முடிந்தால் மறுநாள் போட வேண்டும். போன் எடுக்கும் படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். கேமரா அமைப்பில் அதை அணைத்து வைக்கலாம். பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகள் முகம் வேண்டாம்.

நடுகல், கல்திட்டை (பழங்காலத்துக் கல் சமாதி) இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் போடாமல் இருப்பது நல்லது. புதையல் இருக்கும் என்று தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் யானை தெரிந்தால் அந்த நிமிடமே இடத்தோடு போட்டுவிட வேண்டாம். வண்டி எடுத்துக்கொண்டு கூட்டம் போகும். யானைக்கும் கஷ்டம், மனுஷனுக்கும் ஆபத்து.

அவளுக்கு நான் சொன்னது

எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. அன்றைக்கு மனசில் பொங்குவதை ஸ்டேட்டஸில் போடு, பதில் வந்தால் நோட்டில் எழுதிவை. கேள்வி இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவில் கேள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து நோட்டிலிருந்து ஐந்து வரியைப் பொறுக்கித் தேதியோடு வலைப்பூவில் வை. இன்ஸ்டா வேண்டுமென்றால் ஒரு வருடம் கழித்து, தனிப்பட்ட கணக்காக.

முழுவதும் கேட்டாள். பிறகு, "சித்தி, சுவரோட ஆறு மாசம் பேச என்னால முடியாது" என்றாள். அதுவும் சரிதான். அவளுக்கு இருபத்து மூன்று வயது, வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஒருவர் வேண்டும். ஆகவே அவள் வரிசையை மாற்றிவிட்டாள். ஹாஸ்டலில் உள்ள நான்கு பெண்களையும் என்னையும் சேர்த்து ஒரு சின்னக் குரூப் ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று, தானே பார்த்தது மட்டும். வலைப்பூவையும் திறந்துவிட்டாள், ஆனால் மாதத்துக்கு ஒருமுறைதான், அதுவும் குரூப்பில் வந்தவற்றில் மற்றவர்கள் சம்மதித்ததைச் சேர்த்து. நான் சொன்னதைவிட இது அவளுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

முதல் மாதப் பதிவு போன வாரம் வந்தது. ராயக்கோட்டைப் பையன் இருக்கிறான், வெல்லம் போட்ட ரசம் இருக்கிறது. நடுவில் பென்னாகரத்துப் பெண் ஒருத்தி, தன் பாட்டி களி கிண்டும் துடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறாள்: நாற்பது வருடம் ஒரே பக்கமாகக் கிண்டி அதன் முனை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டதாம், வேறு யார் பிடித்தாலும் கைக்கு வசமாக வருவதில்லையாம். படம் போடவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.